வண்டிக்கு ஒரு தலைவி

"திஜானி உங்களுக்கு என்ன வேணும், மேடம்?"

அறக்கட்டளையிலிருந்து நெஸ்ரீன் தொலைபேசியில் கேட்ட அந்தக் கேள்வியோடு போன வாரம் மொன்ஜியாவை விட்டுவிட்டு வந்தோம். "நாளைக்குத்தான் நேர்ல வர்றீங்களே, பேசிக்கலாம்" என்று சொல்லி அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

திஜானி அவளுடைய கணவர்.

மக்தர் மலைக்கு மேலே இருக்கும் ஐன் தெஃப்லாவில் சிறுநீரகம் பழுதானவர்கள் பலர் இருந்தார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வாரத்தில் மூன்று நாள் அவர்கள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். போக இருந்தது லுவாஜ் என்னும் ஷேர் வண்டி ஒன்றுதான். ஆள் நிறைந்தால்தான் அது கிளம்பும். பனி விழுந்தால் மலைக்கு ஏறவே ஏறாது. இவர்களுக்கென்று ஒரு வண்டி வாங்க ஊர்ச் சங்கம் மானியம் கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தது. மூன்றாவது முறை, அதிசயமாக, கடைசிச் சுற்று வரை வந்துவிட்டது. சங்கத்தின் தலைவி மொன்ஜியா. துணைத்தலைவி விதாத், திஜானியின் தங்கை.

ஆனால் அறக்கட்டளைக்கு ஒரு விதி உண்டு. சங்கத்தை நடத்துபவரின் கணவனோ மனைவியோ, பெற்றவர்களோ பிள்ளைகளோ, கூடப்பிறந்தவர்களோ அந்தப் பணத்தால் பயனடையக் கூடாது. வண்டியில் ஏறப்போகிறவர்களில் திஜானியும் ஒருவர்.

தொலைபேசி வந்த அன்று இரவு இதை மொன்ஜியா விதாத்திடம் மட்டும் சொன்னாள். "அவர் காதுக்குப் போகவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. திஜானி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்.

விடிகாலைக் குளிரில் அவர் கம்பளி மேலங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொன்ஜியா ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் வைத்தாள். தேநீர் சின்னக் கோப்பையில் பாதிதான். அதற்கு மேல் தண்ணீர் அவருக்கு ஆகாது.

"பார், அவங்க வர்ற நாளா பார்த்து நான் ஊர்ல இல்ல" என்றார்.

"நீங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க? போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வாங்க. நான் இங்க வாயைச் சுத்தமா வச்சுக்கிட்டுப் பேசறேன்."

"அது உன்னால முடியுமா?" என்று அவர் சிரித்தார்.

சிரிக்கிற அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லுவாஜ் நிற்கும் இடம் வரை அண்ணனின் பையைத் தூக்கிக்கொண்டு விதாத்தும் நடந்தாள். அவளுடைய அழகு நிலையம் அந்த வழியில்தான் இருந்தது. சரிவில் பாதாம் மரங்கள் பூத்திருந்தன. பாதி வழி வரை பேசாமல் வந்தவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அண்ணே, ஒரு விஷயம். அண்ணி சொல்லாதேன்னாங்க."

"அப்ப நீ சொல்லாம விடமாட்டே. சொல்லு."

சொன்னாள். திஜானி நடையை நிறுத்திவிட்டார். மூச்சு வாங்குவதற்காகத்தான் நிற்கிறார் என்று அவள் முதலில் நினைத்தாள்.

"வண்டிப் பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்துடு" என்றார்.

"அண்ணே!"

"நான் ஒருத்தன். அந்தப் பக்கம் ஊரே நிக்குது. பாத்திமா கிழவி லுவாஜ்ல வாந்தி எடுத்துக்கிட்டே வர்றா, பார்த்திருக்கியா? இந்த ரோட்ல அத்தனை வருஷம் பஸ் ஓட்டினவன் நான். லுவாஜ்ல உட்கார்ந்து போறதா எனக்குக் கஷ்டம்?"

"அண்ணி என்னைக் கொன்னுடுவாங்க."

"அவ என்னைத்தான் முதல்ல கொல்லுவா. நீ வரிசைல பின்னால நில்லு."

லுவாஜ் நிறைந்தது. ஜன்னல் வழியே அவர் கையை ஆட்டிக்கொண்டே போனார்.

நெஸ்ரீன் வரும்போது வெயில் வந்திருந்தது. வயது முப்பதுகூட இருக்காது. குட்டை முடி, சேறு அப்பிய காலணி. நகராட்சி கொடுத்த பழைய கால்நடை மருந்தகம்தான் சங்கத்தின் அலுவலகம். எத்தனை முறை கழுவினாலும் ஆட்டு மருந்தின் வாடை போகாது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தட்டில் இருந்த மக்ரூத் இனிப்பை எடுத்துக் கடித்துக்கொண்டே கேள்விகளைத் தொடங்கிவிட்டாள்.

"டீசல் செலவு யாருது?"

"வீட்டுக்கு வீடு கொஞ்சம் போடறோம். இல்லாதவங்ககிட்ட ஆலிவ் பறிப்பு முடிஞ்சதும் எண்ணெயா வாங்கிக்கறோம்."

"வண்டி ரிப்பேரானா?"

"என் புருஷன் பஸ் கம்பெனில இருந்தவர். மெக்கானிக்குங்க எல்லாரும் அவருக்கு இன்னும் சலாம் போடறாங்க."

சொன்ன பிறகுதான் மொன்ஜியாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. நெஸ்ரீன் மக்ரூதைக் கீழே வைத்தாள்.

"திஜானிங்கறது அவர்தானே மேடம்?"

மொன்ஜியா வாய் திறப்பதற்குள் விதாத் எழுந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் வண்டில வரமாட்டார். இன்னைக்குக் காலைல சொல்லிட்டார். அவர் பேரை எடுத்துடுங்க."

மொன்ஜியா சடாரென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"அண்ணன்தான்..."

"உங்க அண்ணன் பெரிய தியாகி! உனக்கு எங்க போச்சு புத்தி?" விருந்தாளி முன்னால் குரல் உயர்கிறது என்று தெரிந்தும் மொன்ஜியாவால் நிறுத்த முடியவில்லை. "மூணு வருஷமா நான் இதுக்காக ஓடறேன். ஊருக்கு வண்டி வரும், அது எங்க வீட்டு வாசல் வழியா போகும், என் புருஷன் அதே குளிர்ல நின்னு லுவாஜுக்குக் காத்திருப்பார். அதைப் பார்த்துக்கிட்டு நான் தலைவி நாற்காலில உட்கார்ந்திருக்கணுமா?"

விதாத் அழுதுவிட்டாள்.

நெஸ்ரீன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டாள். "மேடம், உங்களைத் தோற்கடிக்க நான் வரல" என்றாள் மெதுவாக. "நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நானேதான் கேட்டு வாங்கி இங்க வந்தேன். ஆனா நாளைக்குக் காலைல எங்க குழு உட்காருது. அங்க முதல் கேள்வியே இதுவாத்தான் இருக்கும்."

"நான் விலகிட்டா?"

"வேற தலைவி வரணும். உங்க உறுப்பினருங்க கூடித் தேர்ந்தெடுக்கணும், அதுவும் இன்னைக்கே. துணைத்தலைவியும் மாறணும், அவங்க திஜானியோட தங்கச்சியாச்சே. புதுசா வர்றவங்க யாருக்கும் நெருங்கின சொந்தம் வண்டில ஏறக் கூடாது."

துணைத்தலைவிக்கு ஆள் கிடைத்தது. சங்கக் கணக்குப் பார்க்கும் பெண்ணின் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை. ஆனால் அவளுக்கு வயது இருபத்திரண்டு. "தலைவின்னா பயமா இருக்கு, துணைன்னா சரி" என்று அவளே சொல்லிவிட்டாள்.

தலைவிக்கு? ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருத்தியின் அப்பா நோயாளி. இன்னொருத்தியின் அக்கா. பள்ளிக்கூட ஆயாவின் கணவர். சின்ன ஊர். யாரைத் தொட்டாலும் அந்த வீட்டில் ஒருவர் லுவாஜுக்குக் காத்திருந்தார்.

கடைசியில் விதாத் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"ராதியா அக்கா வீட்ல இப்ப யாரும் இல்லையே, அண்ணி."

அந்தப் பெயரைக் கேட்டதும் மொன்ஜியா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

ராதியா ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். நோயாளிகளுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று இந்த ஊரில் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னவளும் அவள்தான். அவள் அப்பா பெல்காசிம் அலைந்து அலைந்து ஓய்ந்துபோய், ஒரு பனிக்காலத்தில் "இனி நான் போகல" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அதிக நாள் அவர் இருக்கவில்லை.

முதல் விண்ணப்பத்தில் மொன்ஜியா அதையெல்லாம் எழுதியிருந்தாள். ராதியாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நகரத்து ஹோட்டலில் நடந்த கூட்டத்தில், கோட்டு போட்ட ஒரு ஆள் ஒலிபெருக்கியில் அதைப் படித்தான். தன் அப்பா கடைசியாகச் சுவரைப் பார்த்துப் படுத்த கதையை ராதியா அங்கே முன்பின் தெரியாத ஒருவன் வாயால் கேட்டாள். அன்றைக்கு எழுந்து போனவள் இரண்டு வருஷமாக மொன்ஜியாவிடம் பேசவில்லை. மொன்ஜியாவும் அடுத்த தெருவில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தாள்.

கடைக்குள் மொன்ஜியா நுழைந்தபோது ராதியா தபூனா அடுப்பின் உள்சுவரில் ரொட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ரொட்டி தீர்ந்துபோச்சு."

அவளுக்குப் பின்னால் பலகை நிறைய இருந்த ரொட்டிகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ரொட்டிக்கு வரல, ராதியா."

"அப்ப வழி தவறிட்டியா? உன் கடை அடுத்த தெருவாச்சே."

"மன்னிப்புக் கேக்க வந்தேன். ஒரு காரியமாவும் வந்தேன். ரெண்டையும் சேர்த்துக் கேட்டா நீ நம்பமாட்டேன்னு தெரியும். நம்பாட்டிப் போ. ஆனா சொல்லிடறேன். உன் அப்பாவைப் பத்தி உன்னைக் கேக்காம நான் எழுதினது தப்பு. அன்னைக்கு அந்த ஹால்ல உன் முகத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது. வந்து சொல்லத் தைரியம் இல்ல."

ராதியா இன்னொரு ரொட்டியை ஒட்டினாள்.

"காரியம் என்ன?"

மொன்ஜியா விஷயத்தைச் சொன்னாள். விதி, நெஸ்ரீன், நாளைக் காலை. கடைசியில் ஏன் அவளிடம் வந்தாள் என்ற இடத்துக்கு வந்தாள். "உன் வீட்ல..." என்றாள்.

ராதியாவே முடித்தாள்.

"என் வீட்ல வண்டி ஏற ஆள் இல்ல. அதனால."

மொன்ஜியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லா இருக்குடி. எங்க அப்பா செத்ததுகூட உனக்கு ரெண்டாவது தடவையும் உபயோகப்படுது."

தெருவில் யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள். அடுப்பிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ராதியா கை சுடச் சுட ஒரு ரொட்டியைப் பிய்த்து எடுத்துப் பலகையில் போட்டாள்.

"இந்தத் தடவை அவரைப் பத்தி என்ன எழுதியிருக்கே?"

"ஒண்ணும் எழுதல."

"ஏன்?"

"உன்னைக் கேக்கலையே."

ராதியா முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "அவரை விட்டுட்டு இந்த வண்டிக் கதையை எப்படிச் சொன்னே?"

"கஷ்டப்பட்டுத்தான் சொன்னேன். நடுவுல நடுவுல அவர் இல்லாம ஓட்டையாத் தெரிஞ்சுது."

ராதியா மாவுக் கையால் கண்ணைத் துடைத்தாள். நெற்றியில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"கூட்டம் எப்ப?"

"கோழிப்பண்ணைப் பொண்ணுங்க லாரி வந்ததும்."

"ரொட்டி வெந்தா பார்க்கறேன். நீ போ."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுவே மொன்ஜியாவுக்குப் பெரிதாக இருந்தது.

உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் கோழிப்பண்ணையில் வேலை. அவர்கள் வராமல் கூட்டம் செல்லாது. விதாத் ஒவ்வொருத்திக்கும் தொலைபேசி போட்டுக்கொண்டிருந்தாள். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. நெஸ்ரீனுக்குக் குஸ்குஸ் பரிமாறினார்கள். அவள் சாப்பிட்டுவிட்டு, "நான் காத்திருக்கேன், அவசரமில்ல" என்று சொல்லி வெயிலில் போய் உட்கார்ந்தாள். ஊரில் யாரும் அந்த நல்ல வார்த்தையை மறக்கவில்லை.

லாரி வந்தது. வழக்கமாகச் சந்தை மூலையில் நின்று எல்லாரையும் இறக்கிவிடும். அன்று அது நேராக மருந்தகத்து வாசலுக்கே வந்து நின்றது. பெண்கள் கோழி இறகு ஒட்டிய அங்கியோடு, ரப்பர் காலணியோடு குதித்து இறங்கினார்கள். வீட்டுக்குப் போய்க் கைகூடக் கழுவவில்லை. அவர்களில் ஒருத்தி கேட்டாள், "எங்க கைதூக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க, என் பிள்ளைங்க பசியோட இருக்கும்."

மொன்ஜியாவுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. இவர்களை இத்தனை நாள் கூட்டத்துக்கு வரவில்லை, சந்தா தரவில்லை என்று எத்தனை முறை திட்டியிருக்கிறாள்!

எழுந்து நின்று தானும் விதாத்தும் விலகுவதைச் சொன்னாள். காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். ஒரு சலசலப்பு. "அப்ப யாரு?" என்று நாலு குரல்.

"நான்."

எல்லாரும் திரும்பினார்கள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ராதியா வாசலில் நின்றிருந்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் நெஸ்ரீனைப் பார்த்து. "நான் அதிகம் படிச்சவ இல்ல. ரொட்டி சுடறவ. ஒரு விஷயம் சொல்லணும். அதை நானே சொல்லணும், வேற யாரும் வேண்டாம்."

நெஸ்ரீன் பேனாவை மூடி வைத்தாள்.

ராதியா சொன்னாள். அப்பா எவ்வளவு பெரிய சிரிப்புக்காரர் என்று. லுவாஜில் கூட்டம் சேர்வதற்காகக் காத்திருக்கும்போதெல்லாம் கதை சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பாராம். கடைசி வருஷத்தில் அந்தக் கதைகள் குறைந்துகொண்டே போனதைச் சொன்னாள். "நோய் அவரைக் கொல்லலங்க. காத்திருந்து காத்திருந்துதான் அலுத்துப் போனார்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "அவர் பேரு பெல்காசிம். இந்தத் தடவை எழுதிக்குங்க. முழுப்பேரும் எழுதுங்க. நான் அனுமதி தர்றேன்."

முதலில் கை தூக்கியது மொன்ஜியா. பிறகு ஒவ்வொன்றாக, மாவு பட்ட கை, மருதாணி போட்ட கை, இறகு ஒட்டிய கை என்று அறை முழுக்கக் கைகள்.

"நான் எதுக்கும் உறுதி சொல்ல முடியாது" என்றாள் நெஸ்ரீன் கிளம்பும்போது. "ஆனா இன்னைக்குப் பார்த்ததை அப்படியே போய்ச் சொல்லுவேன்." வண்டியில் ஏறியவளின் மடியில் ராதியா சூடான ரொட்டிகளைத் துணியில் கட்டி வைத்தாள். "லஞ்சம் இல்லம்மா. வழில பசிக்கும்."

மாலையில் திஜானி வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி நாளில் எப்போதும் போல முகம் வெளுத்து, கால் தள்ளாடி வந்தார். மொன்ஜியா தோளைக் கொடுத்து அழைத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தாள்.

"உங்க பேரை எடுக்கச் சொன்னது யாரு?"

"நாற்காலியை விடச் சொன்னது யாரு? வர்ற வழியெல்லாம் ஊர்ல அதே பேச்சு."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நீ முதல்ல சொல்லு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். திஜானிதான் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியபோது அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"அந்தச் சங்கம் உன் உயிராச்சே, மொன்ஜியா" என்றார்.

"ஆமா. ஆனா அதை யாருக்காக ஆரம்பிச்சேன்னு நினைச்சீங்க? ஊருக்காகன்னா?" அவர் கையில் ஊசி குத்திய இடத்துக் கட்டின் மேல் அவள் மெல்லக் கையை வைத்தாள். கட்டுக்கு அடியில் ரத்தம் துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பு இருக்கிறதே என்று அவள் மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். எந்த நாற்காலியும் அதற்கு ஈடாகத் தோன்றவில்லை.

கதவு தட்டப்பட்டது.

ராதியா. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். கையில் ரொட்டி. மொன்ஜியா நாற்காலியை நகர்த்தினாள். ராதியா உட்காரவில்லை. கட்டிலுக்கு நேரே போய் விறைப்பாக நின்றாள்.

"திஜானி ஐயா, தலைவிங்கற முறைல சொல்ல வந்திருக்கேன். உங்க பேரு பட்டியல்ல இருக்கு. இனி அதை யாரும் எடுக்க முடியாது. நீங்களும் எடுக்க முடியாது. புரிஞ்சுதா?"

திஜானி எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. படுத்தபடியே கையை நெஞ்சில் வைத்தார். "உங்க அப்பா இருந்திருந்தா..." என்று தொடங்கினார்.

"இருந்திருந்தா முன்சீட்டு எனக்குத்தான்னு உங்ககூடச் சண்டை போட்டிருப்பார்" என்றாள் ராதியா. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே வந்திருந்த விதாத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள்.

மொன்ஜியா அந்த ரொட்டியைப் பிட்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். இரண்டு வருஷமாக எவ்வளவு மோசமான ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொன்னாள். ராதியா சிரித்துவிட்டாள்.

"இன்னொரு சமாச்சாரம்" என்றாள் ராதியா, தேநீரை ஊதிக்கொண்டே. "அந்த அறக்கட்டளைப் பொண்ணு போகும்போது சொன்னா, வண்டி கிடைக்குதோ இல்லையோ, ஓட்டறது யாருன்னு நாளைக்கே பேர் தரணுமாம். நானும் கிளம்பற வழில நாலு பேர்கிட்ட சொன்னேன். அதுக்குள்ள ஒரு ஆள் நான் ஓட்டறேன்னு வந்து நிக்குது."

"யாரு? சந்தைக்காரன் மகனா?" என்றார் திஜானி. "அவன் வேண்டாம். வளைவுல பிரேக்கை நம்பறவன். பனி நாள்ல இந்த மலைல ஆம்பளைங்களே பயப்படுவாங்க."

"ஆம்பளை இல்ல."

ராதியா பதிலைச் சொல்லாமல் சமையலறைப் பக்கம் முகவாயை நீட்டினாள்.

அங்கே கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த விதாத் குழாயை மூடினாள். ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று, அண்ணனின் முகத்தையே பார்த்தாள்.